அவசரகால மலாயாவின் தீராத கணக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, வடக்கே கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சாலையோரம் காய்கறிக் கடைகள், அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரை போட்ட பயிர்க்கொட்டகைகள், அப்பால் மலைச்சரிவுகளில் தேயிலை. விடுமுறைக்கு வந்து கீரையும் ஸ்ட்ராபெரியும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஒரு சந்தை ஊர். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. நாடெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான புதுக்கிராமங்களில், அதாவது கம்போங் பாருக்களில், திரிங்காப்பும் ஒன்று. 'புதுக்கிராமம்' என்ற அந்தச் சொல் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பிறந்தது. முள்வேலியும் காவல் கோபுரமும் ஊரடங்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

உள்நாட்டுப் போர் முடிந்த ஒரு நாட்டில், நடந்த கொடுமைகளுக்கு யார் பதில் சொல்வது? 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த நாளிலிருந்து தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் இந்தக் கேள்வி பேசப்படுகிறது. மலேசியத் தமிழர்களும் ஊர்வலம் போயிருக்கிறார்கள், மகஜர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதே கேள்வி இந்த மண்ணிலும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிலின்றிக் கிடக்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மலாயாவின் அனுபவத்தில் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. விசாரணையைத் தள்ளிப்போடுகிற அரசுதான், பின்னாளில் அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி விசாரணையை மறுக்கிறது.

போருக்கு வைத்த வேறு பெயர்

1948 ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா கூட்டரசு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் படைகளும் மலாயா காவல் துறையும். மறுபக்கம் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆயுதப்படை. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த சண்டையில் கெரில்லாக்கள் சுமார் 6,700 பேர், பாதுகாப்புப் படையினர் 1,800 பேருக்கு மேல், பொதுமக்கள் ஏறக்குறைய 2,500 பேர் மாண்டார்கள். இவர்களைத் தவிர, காணாமல் போன பொதுமக்கள் சுமார் 800 பேர். இவை அரசாங்கமே தந்த எண்ணிக்கைகள்.

இத்தனை உயிர்கள் போன பிறகும் அதைப் போர் என்று யாரும் எழுதவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேரும் சேதத்துக்கு லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தரமாட்டா என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். பெயர் மாறியதால் விளைந்தது அதைவிடப் பெரியது. போர் என்றால் போருக்கென்று விதிகள் உண்டு. அவசரகாலம் என்றால் ஒழுங்குவிதிகளை அரசாங்கமே எழுதிக்கொள்ளும். அப்படி எழுதிக்கொண்ட விதிகளில் விசாரணையின்றித் தடுத்து வைக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கில் போடலாம். ஓர் ஊரையே மொத்தமாகக் காவலில் எடுக்கலாம். நாட்டை விட்டே ஏற்றி அனுப்பலாம். தூக்கிலிடப்பட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல். விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் பல்லாயிரம் பேர். சீனாவுக்குக் கப்பலேறியவர்களே அதிகம். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

இதே ஆண்டில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948 டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அதற்கு ஓரிரு நாளிலேயே, டிசம்பர் 11, 12 தேதிகளில், சிலாங்கூரில் உள்ள பத்தாங் காலி அருகே நிராயுதபாணியான 24 தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள்.

முள்வேலிக்குள் வாழ்க்கை

1950இல் படை நடவடிக்கை இயக்குநராக வந்தவர் சர் ஹெரால்டு பிரிக்ஸ். காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் போய்ச் சேர்வது காட்டோரக் குடியிருப்புகளிலிருந்துதான். அந்த மக்களை அங்கிருந்து பெயர்த்துவிட்டால் காட்டிலிருப்பவர்கள் பட்டினி கிடப்பார்கள். இதுதான் அவருடைய திட்டத்தின் சாரம். அதன்படி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 480 புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். காட்டோரத்தில் உரிமைப் பத்திரம் இல்லாமல் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள். லாரி வந்து நிற்கும். கையில் எடுத்ததோடு ஏற வேண்டும். விட்டுப் போன வீடு பல இடங்களில் எரிக்கப்பட்டது.

தோட்டப் பாட்டாளிகளுக்கு நேர்ந்ததைப் பற்றி இதைவிடக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ரப்பர்த் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் கூட்டப்பட்டு, சுற்றிலும் வேலி போடப்பட்டது. இப்படிக் கூட்டிக் குடிவைக்கப்பட்டவர்கள் பல லட்சம் பேர். அவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். அரிசிக்குப் பங்கீடு வந்தது. கெடுபிடி அதிகமாக இருந்த வட்டாரங்களில் வேலைக்குப் போகும்போது மதியச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை, வாசலில் உடற்சோதனை. கடைக்காரர் டின் உணவை விற்கும்போது அங்கேயே துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். 1952இல் தஞ்சோங் மாலிம் அருகே நடந்த ஒரு தாக்குதலுக்காக, உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் அந்த ஊர் மக்கள் அனைவருக்கும் 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசிப் பங்கீட்டையும் வெட்டினார். யாரோ செய்த குற்றத்துக்கு ஊரே தண்டனை அனுபவித்தது.

இன்னொரு பக்கமும் பயமுறுத்தல்தான். காட்டிலிருந்து வந்தவர்கள் பால்மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், அடையாள அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள், பேருந்துகளைக் கொளுத்தினார்கள். துரைமாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்ட மண்டோர்களையும் தொழிலாளர்களையும் கொன்றார்கள். பொதுமக்கள்மீது கைவைப்பதை நிறுத்தும்படி கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை 1951 அக்டோபரில் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் நடந்தவை என்ன என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி. பகலில் போலீசுக்கும் இரவில் காட்டுக்காரர்களுக்கும் பயந்து வாழ்ந்த குடும்பங்கள் இரண்டு தரப்பிடமும் எதையும் கேட்க முடியாத நிலையில் இருந்தன.

கேமரன் மலைக்கும் அதைச் சுற்றியுள்ள காடுகளுக்கும் உரியவர்கள் செமாய், தெமியார் போன்ற பூர்வகுடியினர். தேயிலையும் காய்கறியும் வருவதற்கு முன்பே இந்த மலைகள் அவர்களுடையவை. கெரில்லாக்களுக்கு உணவும் வழியும் காட்டுகிறார்கள் என்று சொல்லி, அவசரகாலத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்களில் பலரை அரசாங்கம் காட்டிலிருந்து இறக்கிச் சமவெளி முகாம்களில் அடைத்தது. மலைக்காற்றில் வாழ்ந்த மக்கள் வெப்பத்திலும் நெரிசலிலும் நோய்க்கு ஆளாகிக் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். தவற்றை உணர்ந்த அரசாங்கம் பிறகு கொள்கையை மாற்றியது. காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டி அவர்களைத் தன் பக்கம் இழுக்க முயன்றது. கொள்கை மாறியதே தவிர, முகாம்களில் மாண்டவர்களுக்காக எவரும் விசாரிக்கப்படவில்லை.

இரண்டு தமிழர்கள், இரண்டு முடிவுகள்

தமிழர்கள் மறக்காத பெயர் 'மலாயா' கணபதி. தஞ்சை மண்ணிலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். சீனரும் தமிழரும் ஒரே அமைப்பில் திரண்டு கூலி உயர்வு கேட்ட காலம் அது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே 1948 ஜூன் மாதத்தில் சட்டத் திருத்தத்தின் மூலம் அந்தச் சம்மேளனம் செயல்பட முடியாதபடி ஆக்கப்பட்டது. தொழிற்சங்கத்தை முதலில் முடக்கியது சட்டம். துப்பாக்கி பிறகுதான் வந்தது.

1949இல் ரவாங் வட்டாரத்தில் கணபதி கைதானார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. மார்ச் 15ஆம் தேதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் தலையிட்டது. கருணை மனு போனது. எதுவும் பயன்படவில்லை. மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையே இருந்தது ஏழு வாரம். அவருடைய தோழர் வீரசேனன் அதே மே மாதத் தொடக்கத்தில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பேராக் தோட்டத் தொழிலாளர் தலைவர் ஆர்.ஜி. பாலன் பத்தாண்டுக்கு மேல் தடுப்புக் காவலில் கழித்தார்.

இதே காலத்தில் ஜொகூரில் பிடிபட்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவர்மீதும் துப்பாக்கி, தோட்டா வழக்குகள்தான். முதல் விசாரணையில் தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலையானார். துப்பாக்கிக் குற்றச்சாட்டை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பினார் நீதிபதி. இரண்டாவது விசாரணையில் மரண தண்டனை. துப்பாக்கியும் தோட்டாவும் தன்னிடம் இருந்ததாக அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலமே அதற்கு அடிப்படை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலையானவரை, அதையும் செய்தவர் போலவே கருதும் வாக்குமூலத்தைக் கொண்டு இன்னொரு குற்றச்சாட்டில் தூக்கிலிட முடியாது. விடுதலைத் தீர்ப்பு அரசாங்கத்தையும் கட்டுப்படுத்தும் என்று 1950இல் பிரிவி கவுன்சில் கூறித் தண்டனையை ரத்து செய்தது. 'சாம்பசிவம் வழக்கு' என்று காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்களில் பிற்காலத்திலும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. மலாயாவில் கைதான ஒரு தமிழரின் பெயர் அப்படிச் சட்டப் புத்தகத்தில் நிலைத்தது.

இரண்டு வழக்குகளின் விவரங்கள் வேறு. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. சாம்பசிவத்தின் வழக்கில் கேள்வி கேட்க அவகாசம் கிடைத்தது. ஏடுகள் கையில் இருந்தன. மேலே ஒரு மன்றம் இருந்து பதில் கேட்டது. அவசரகாலத்தின் உச்சத்திலும் சட்டத்தால் ஓர் உயிரைக் காக்க முடிந்திருக்கிறது. கேள்வி உரிய காலத்தில் எழுந்ததே அதற்குக் காரணம்.

பத்தாங் காலி: ஐந்து முறை தட்டிய கதவு

உரிய காலத்தில் கேட்கப்படாத கேள்விக்கு என்ன ஆகும் என்பதைப் பத்தாங் காலி சொல்கிறது. 1948 டிசம்பர் 11ஆம் தேதி ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் 14 பேர் கொண்ட ரோந்து அணி அங்குள்ள ரப்பர்த் தோட்டக் குடியிருப்புக்குள் நுழைந்தது. ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாகவும் பிரித்தார்கள். அன்று மாலை ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிய பிறகு 23 ஆண்கள் சுடப்பட்டார்கள். குடியிருப்பு எரிக்கப்பட்டது. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் தப்பினார். முதலில் வந்த செய்தி, கொள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது. பிறகு, தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்றார்கள்.

கூட்டரசின் தலைமைச் சட்ட அதிகாரி உடனே ஒரு விசாரணை நடத்தினார். சிப்பாய்களிடம் கேட்டதோடு அது முடிந்தது. தப்பி வந்தவரையும் பெண்களையும் யாரும் கேட்கவில்லை. 1949 ஜனவரியில், தப்பியோடுகிறவரைச் சுட அனுமதிக்கும் புதிய விதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதற்கு முன் நடந்தவற்றுக்கும் அது பொருந்தும் என்றும் எழுதினார்கள்.

1970இல் 'தி பீப்பிள்' என்ற பிரிட்டிஷ் ஞாயிறு இதழில், அந்த அணியில் இருந்த சிப்பாய்கள் சிலர் தப்பியோடும் முயற்சி எதுவும் நடக்கவில்லை என்று சத்தியப் பிரமாணத்தோடு கூறினார்கள். ஸ்காட்லாந்து யார்டு புலனாய்வைத் தொடங்கியது. புலனாய்வாளர்கள் மலேசியாவுக்கு வந்து சாட்சிகளைக் கேட்க வேண்டிய நேரத்தில் அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது, விசாரணை நிறுத்தப்பட்டது. 1993இல் குடும்பத்தினர் மலேசியக் காவல் துறையில் புகார் செய்தார்கள். 1997இல் போதிய ஆதாரமில்லை என்று அந்தக் கோப்பும் மூடப்பட்டது. 2008இல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு மீண்டும் மனு, 2010இல் மறுப்பு.

அதன்பின் வழக்கு லண்டன் நீதிமன்றங்களுக்குப் போனது. சிப்பாய்கள் சிலாங்கூர் சுல்தானின் சார்பில் செயல்பட்டவர்கள், ஆகவே பொறுப்பு பிரிட்டனுடையது அல்ல என்றுகூட அரசாங்கத் தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2012இல் உயர் நீதிமன்றம், இது வேண்டுமென்றே செய்த கொலை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2015 நவம்பர் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் ஒருவர் மட்டுமே, விசாரணை நடத்த மறுத்த அரசாங்கத்தின் முடிவு நியாயமற்றது என்று மாறுபட்டார். 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்க மறுத்தது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணங்களில் முக்கியமானது ஆண்டுக் கணக்கு. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின்படி ஒரு மரணத்தை விசாரிக்கும் கடமை வர வேண்டுமானால், அந்த மரணத்துக்கும் உடன்படிக்கையின் கட்டுப்பாடு தொடங்கிய நாளுக்கும் இடையே பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் போகக்கூடாது. பிரிட்டன் தனிநபர்கள் முறையிடும் உரிமையை ஏற்றது 1966இல். கொலை நடந்தது 1948இல். பத்தாண்டு தாண்டிவிட்டது, கதவு மூடப்பட்டது. 1949இல் ஒழுங்காக விசாரித்திருந்தால், 1970இல் பாதியில் நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது. தாமதம் செய்தவர்கள் ஒரு பக்கம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் மறுபக்கம்.

பக்கத்து நாட்டில் நேர்ந்த மாற்றம்

காலம் கடந்தால் எல்லா நாட்டிலும் இதே முடிவுதானா? இல்லை. 1947 டிசம்பர் 9ஆம் தேதி, பத்தாங் காலிக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், மேற்கு ஜாவாவின் ராவாகெடே கிராமத்தில் டச்சுப் படையினர் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். மாண்டவர்கள் 431 பேர் என்பது இந்தோனேசியத் தரப்பின் கணக்கு. அந்த விதவைகள் தொடுத்த வழக்கில், காலாவதிச் சட்டத்தைக் காட்டி அரசு தப்பிக்க முயல்வது நியாயமல்ல என்று 2011 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி டச்சுத் தூதர் அதே கிராமத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். வழக்காடிய குடும்பங்களுக்குத் தலா 20,000 யூரோ கொடுக்கப்பட்டது.

கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியின்போது சித்திரவதைக்கு ஆளானவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கின் நெருக்குதலால் ஒரு பெரிய உண்மை வெளியே வந்தது. 37 முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுபோன சுமார் 8,800 கோப்புகளைப் பிரிட்டன் ஓரிடத்தில் மறைத்து வைத்திருந்தது. மலாயாக் கோப்புகளும் அவற்றில் இருந்தன. 2012 முதல் அவை ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. 1957இல் மெர்டேக்காவுக்கு முன் மலாயாவின் ஏடுகள் பல எரிக்கப்பட்டதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2013 ஜூனில் கென்யர்கள் 5,228 பேருக்கு 19.9 மில்லியன் பவுன் தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. கென்யர்கள் வென்றதற்கு முக்கியக் காரணம், பாதிக்கப்பட்டவர்கள் உயிரோடு இருந்ததும் ஏடுகள் கிடைத்ததும். இரண்டும் காலத்தோடு தேய்கிறவை.

யாரையும் கேட்காத சமாதானம்

1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பாலிங்கில் சந்தித்துப் பேசினார்கள், பேச்சு முறிந்தது. 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கடைசிச் சமாதான உடன்பாடு 1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்தின் ஹாட் யாயில் கையெழுத்தானது. ஆயுதத்தைக் கீழே போடுவது, காட்டிலிருந்தவர்கள் எங்கே குடியேறுவது என்பவையே அதன் பொருள். தென்னாப்பிரிக்கா பின்னாளில் அமைத்தது போன்ற உண்மை ஆணையம் எதுவும் இங்கே அமைக்கப்படவில்லை. வென்ற தரப்பு தன் சிப்பாய்களைக் கேட்கவில்லை. தோற்ற தரப்பு தான் கொன்ற தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்களுக்குக் கணக்குக் கொடுக்கவில்லை. சின் பெங் 2013 செப்டம்பரில் பேங்காக்கில் இறக்கும்வரை நாடு திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அவருடைய அஸ்தி 2019இல் இங்கே கொண்டுவரப்பட்டது என்ற செய்திக்கே நாடு கொதித்தது. பேசித் தீர்க்காத வரலாறு ஆறுவதில்லை என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

அதே சமயம், அவசரகாலம் போனாலும் அதன் கருவி போகவில்லை. அவசரகாலம் முடிந்த மறுநாளே, 1960 ஆகஸ்ட் 1ஆம் தேதி, விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதே அதிகாரம் 'இசா' என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாக நிலைபெற்றது. 1987இல் லாலாங் நடவடிக்கையில் நூறு பேருக்கு மேல் அதில் பிடிபட்டார்கள். 2007 நவம்பர் 25ஆம் தேதி பேரணிக்குப் பின், அந்த டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அதே சட்டத்தில் கமுந்திங்கில் அடைக்கப்பட்டார்கள். தோட்டத் தமிழர்களின் பிரச்சினையைப் பேசியவர்களை 1948இல் தொட்ட கை, 59 ஆண்டுகளுக்குப் பிறகும் எட்டிப் பிடித்தது. இசா 2012இல்தான் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சொஸ்மா சட்டமும் 28 நாள் வரை தடுத்து வைக்க இடம் தருகிறது. நேற்றைய அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்காவிட்டால் அது நாளைய அதிகாரமாகத் தொடரும்.

இலங்கைக்கு ஓடும் கடிகாரம்

மலாயாவின் முள்வேலி முறையை உலகெங்கும் படைத்துறை ஆய்வாளர்கள் வெற்றிக் கதையாகப் படித்தார்கள். கென்யாவிலும் வியட்நாமிலும் அதன் சாயல் வந்தது. 2009இல் வன்னியிலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ 280,000 தமிழர்கள் வவுனியா மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டபோது, அவசரகாலத்தை நேரில் கண்ட மலேசியப் பெரியவர்களுக்கு அது புதிய காட்சியாக இருந்திருக்காது.

அங்கேயும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011இல் ஐ.நா. தலைமைச் செயலாளரின் நிபுணர் குழு, இரு தரப்பும் கடுமையான குற்றங்கள் புரிந்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக அறிக்கை தந்தது. 2015 அக்டோபரில் மனித உரிமைப் பேரவையில் பொறுப்புக்கூறலுக்கு வாக்குக் கொடுத்த இலங்கை அரசு, 2020இல் அதிலிருந்து விலகியது. காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியும், மகனைத் தேடும் தாய்மார்களின் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாய்மார்களில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். 2021இல் மனித உரிமைப் பேரவை ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியைத் தொடங்கியது ஒன்றுதான் இதில் ஆறுதல். ஏனென்றால் பத்தாங் காலி குடும்பங்களிடம் இல்லாமல் போனது அதுதான்: உரிய நேரத்தில் எடுத்து, பத்திரமாக வைத்த சாட்சியம்.

இன்னும் செய்யக்கூடியவை

அவசரகாலத் தொடக்கத்தில் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும் காலம் போய்விட்டது. ஆனால் நீதிமன்றம் ஒன்றே கணக்குக் கேட்கும் இடம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சுஹாகாம், பூர்வகுடியினரின் நில உரிமை பற்றி நாடு தழுவிய விசாரணை நடத்தி 2013இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதே முறையில் அவசரகால இடப்பெயர்வு, கூட்டுத் தண்டனை, முகாம் மரணங்கள் பற்றியும் சாட்சியம் கேட்க முடியும். மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அவசரகாலக் கோப்புகளை ஆய்வாளர்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட முடியும். பாடநூலில் கணபதியையும் சாம்பசிவத்தையும் பத்தாங் காலியையும் நடுநிலையோடு எழுத முடியும். தண்டனை கொடுப்பதற்கு முன்னால், நடந்தது இதுதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொள்வதே பொறுப்புக்கூறலின் முதற்படி.

மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் ரிங்லெட்டிலும், புளூ வேலி, போ தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களில் அந்தக் காலத்துக் கதை இல்லாத குடும்பம் அரிது. வேலி எங்கே போடப்பட்டது, எத்தனை மணிக்குக் கதவு மூடினார்கள், எந்த வீட்டு ஆள் திரும்பி வரவில்லை என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் சிலராவது மிஞ்சியிருப்பார்கள். தமிழரும் சீனரும் பூர்வகுடியினரும் அவரவர் மொழியில் சொன்னால் போதும். பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் பதிந்துகொண்டால் போதும். ஆலயங்கள், பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்கள், இளைஞர் மணிமன்றங்கள் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யலாம். இரு தரப்பாலும் கொல்லப்பட்ட தோட்டப் பாட்டாளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இந்த நாட்டில் இன்னும் தமிழில் முழுமையாக வரவில்லை. அரசாங்கம் கணக்குத் தரும்வரை காத்திருந்தால், கணக்குச் சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.